காற்றை விற்க வருகிறார்கள்... கவனம்!



இருமலும் தும்மலுமாய் இரவெல்லாம் உறங்காத பிள்ளையை மடியில் போட்டுக் கொண்டிருக்கும் தாயிடம் எதையும் விற்றுவிடலாம். இந்த உண்மையை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருப்பவர்கள் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி விற்கும் முகவர்கள். முன்பு வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் இப்போது நம் தமிழ்ப்பள்ளி வாசலுக்கும் வந்துவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் இருபது நிமிடம் பேச இடம் கொடுத்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு இரண்டு கருவிகளை அன்பளிப்பாகத் தருவதாக ஒரு நிறுவனத்தின் முகவர் சொன்னார். அவர் கொண்டு வந்த துண்டறிக்கையில் 'ஆஸ்துமா, ஒவ்வாமை, சைனஸ் அனைத்திற்கும் ஒரே தீர்வு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சங்கத்தில் சிலருக்கு ஆசை, எனக்கு ஐயம். அந்த வாரமே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை என்னிடம் வந்து கேட்டார்: "சார், மெசின் எடுத்தாச்சு. இனிமே அந்த இன்ஹேலரை நிறுத்திடலாம் இல்லையா?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். கருவியை வாங்கிப் பணத்தை இழந்தால் மீண்டும் சம்பாதித்துக் கொள்ளலாம். கருவியை நம்பி மருந்தை நிறுத்தினால் பறிபோவது பிள்ளையின் மூச்சு. ஆஸ்துமா உயிரைக் குடிக்கும் நோய் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கண்ணாடிப் பெட்டியும் கண்கட்டு வித்தையும்

முகவர்கள் காட்டும் செயல்முறை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கருவியை வைத்துப் புகையை நிரப்புவார்கள். பொத்தானை அழுத்தியதும் சில நொடிகளில் புகை மறைந்துவிடும். இன்னொருவர் கருவியின் அருகில் நறுமணத் தெளிப்பானை அடிப்பார்; விளக்கு சிவப்பாகும்; சற்று நேரத்தில் நீலமாகும். கூட்டம் கைதட்டும்.

இதில் பொய் எதுவும் இல்லை. புகை உண்மையிலேயே வடிகட்டப்படுகிறது. ஆனால் என் கேள்வி வேறு. உங்கள் பிள்ளை தும்முவது புகையினாலா? கண்ணாடிப் பெட்டியின் அளவுதான் உங்கள் வீட்டு அறையின் அளவா? காட்டப்படும் பொருள் ஒன்று, பிள்ளையை வாட்டும் பொருள் வேறொன்று என்றால், அந்த விளக்கத்தால் உங்களுக்கு விளங்கியது என்ன?

நம் நாட்டில் வீட்டுக்குள்ளே ஒவ்வாமையைத் தூண்டுவதில் முதலிடம் வகிப்பது தூசு உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் இந்த உயிர், நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. குளிர்நாடுகளிலும் காணப்படும் இனத்தோடு, வெப்ப மண்டலத்திற்கே உரிய 'புளோமியா டிராபிக்காலிஸ்' என்ற இனமும் மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் நிறைந்திருக்கிறது. இது தண்ணீர் குடிப்பதில்லை; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அது வாழ முடியாது. நம் நாட்டின் ஈரப்பதமோ ஏறத்தாழ எண்பது! தூசு உண்ணிக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு எங்கே இருக்கிறது?

ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த உண்ணியின் கழிவு. அதன் ஒரு துகள் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும். புகைமூட்டக் காலத்தில் நாம் அஞ்சுகிற நுண்துகளோ 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். பெரிய துகள் கனமானது. படுக்கையை உதறும்போது மேலே எழும்; சிறிது நேரத்தில் மீண்டும் படுக்கையிலும் தரையிலும் படிந்துவிடும். காற்றில் மிதக்காத ஒன்றைக் காற்றை உறிஞ்சும் கருவி எப்படிப் பிடிக்கும்? பிள்ளை தலையணையில் முகம் புதைத்து உறங்குகிறது. தூசு உண்ணியின் கழிவுக்கும் பிள்ளையின் மூக்கிற்கும் இடையே ஓர் அங்குலம்கூட இல்லை. கருவியோ வரவேற்பறை மூலையில் நீல விளக்கோடு நிற்கிறது! தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

கரப்பான் பூச்சியால் வரும் ஒவ்வாமையும் இத்தகையதே. அதன் துகள்களும் கனமானவை. தரையிலும் அலமாரி இடுக்கிலும் கிடப்பவை. பூனையின் ஒவ்வாமைப் பொருள் மட்டும் சற்று வேறுபடும். அது மிகச் சிறிய துகள்களிலும் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காற்றில் மிதக்கும். அங்கே கருவிக்கு ஓரளவு வேலை உண்டு. ஆகவே, பிள்ளைக்கு எதனால் ஒவ்வாமை என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவர். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, தேவையானால் தோல் பரிசோதனைக்குப் பரிந்துரை பெறலாம். அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கருவி வாங்குவது, நோய் என்னவென்று அறியாமலே மருந்து வாங்குவதற்குச் சமம்.

கருவியே வேண்டாம் என்கிறேனா?

இல்லை. நியாயமாகப் பேசுவோம். புகைமூட்டத்தை நாம் மறந்துவிடவில்லை. 1997-இல் கூச்சிங்கில் காற்று மாசுக் குறியீடு 800-ஐத் தாண்டி, சரவாக்கில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2005-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அதே நிலை. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 700-ஐத் தாண்டியது. அதே மாதம் சிங்கப்பூரிலும் 400-ஐத் தொட்டது. 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளே மூடப்பட்டன. அத்தகைய நாள்களில், கதவு சன்னல்களை அடைத்த படுக்கையறையில், நல்ல வடிகட்டியுள்ள கருவி உண்மையிலேயே பயன் தரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது பெரிய துணை. சாலையோர வீட்டுக்கும், வீட்டில் பூனை வளர்ப்போருக்கும் பயன் உண்டு. அதை மறுப்பவன் அல்லன் நான்.

நான் எதிர்ப்பது அச்சத்தை மூலதனமாக்கும் வணிகத்தை. புகைக்குப் பயன்படும் பொருளைத் தூசு உண்ணிக்கும் பயன்படும் என்பதும், துணைக்கருவியை மருந்து என்பதும் வாணிபம் ஆகாது, ஏமாற்று.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். இந்நாட்டில் 1956-ஆம் ஆண்டிலிருந்தே மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட சில நோய்களைத் தடுக்கும், தீர்க்கும் என்று எந்தப் பொருளையும் கருவியையும் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்துவதை அது தடுக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது. 'ஆஸ்துமாவுக்குத் தீர்வு' என்று அச்சிட்டு வரும் துண்டறிக்கையைப் பள்ளி வளாகத்தில் விநியோகிக்க விடலாமா என்பதை நம் சங்கப் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்குவதென்றால் கேட்க வேண்டியவை

கருவி வாங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முகவரிடம் கீழ்க்காணும் கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வாசலைக் காட்டுங்கள்.

1. வடிகட்டி உண்மையான ஹெப்பா வகையா? 0.3 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிப்பதே அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய அளவுகோலில் எச்13 என்று குறிப்பார்கள். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்ற சொற்களுக்கு எந்த உறுதியும் கிடையாது. 0.3 மைக்ரான் என்றதும் அதைவிடச் சிறியவை தப்பிவிடும் என எண்ண வேண்டாம். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு அதுவே என்பதால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள்.

2. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூய காற்றைத் தரும்? இதற்கு சி.ஏ.டி.ஆர். என்று பெயர். வடிகட்டி எவ்வளவு சிறந்ததானாலும் காற்று போதுமான அளவு அதன் வழியே செல்லாவிட்டால் பயனில்லை. கணக்கு எளிது. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவோ, நிமிடத்திற்கு அத்தனை கன அடி காற்று வேண்டும். 12 அடிக்கு 12 அடி அறை என்றால் 144 சதுர அடி. தேவை 96 கன அடி. மணிக்கணக்கில் ஏறத்தாழ 163 கன மீட்டர். இது 8 அடி உயரக் கூரைக்கான கணக்கு. உங்கள் வீட்டுக் கூரை 10 அடி என்றால் 120 கன அடி, அதாவது மணிக்கு 204 கன மீட்டர் தேவை. '500 சதுர அடிக்குப் போதும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். மணிக்கு எத்தனை முறை அறைக் காற்று முழுவதும் வடிகட்டப்படும் என்று கேளுங்கள். ஐந்து முறையாவது வேண்டும்.

3. அந்த அளவு எந்த வேகத்தில்? பெட்டியில் அச்சிடப்பட்ட எண் பெரும்பாலும் உச்ச வேகத்திற்கு உரியது. உச்ச வேகத்தில் கருவி இரைச்சலிடும், பிள்ளை உறங்காது, நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள். குறைத்ததும் காற்றின் அளவும் பன்மடங்கு குறைந்துவிடும். எனவே தேவைக்குச் சற்றுப் பெரிய கருவியை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுவதே அறிவுடைமை.

4. ஓசோன் வெளியிடுகிறதா? அயனி, பிளாஸ்மா, 'செயலூக்க ஆக்சிஜன்' என்று அழகான பெயர்களில் சில கருவிகள் வருகின்றன. அவற்றில் சில ஓசோனை வெளியிடுபவை. ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமாவைத் தூண்டக் கூடியது. மனிதருக்குத் தீங்கற்ற அளவில் அது காற்றைத் தூய்மைப்படுத்தாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தெளிவாகக் கூறியிருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2010 முதல், 0.05 பி.பி.எம்.-க்கு மேல் ஓசோன் வெளியிடும் வீட்டுக் கருவிகளின் விற்பனையைத் தடை செய்துள்ளது. மூச்சுத் திணறும் பிள்ளையின் அறையில் ஓசோன் கருவியை வைப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. அந்த வசதியே இல்லாத கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

5. வடிகட்டியின் விலை என்ன? எத்தனை மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? கருவி ஒருமுறைச் செலவு. வடிகட்டி ஆண்டுதோறும் செலவு. அடைத்துப்போன வடிகட்டியோடு ஓடும் கருவி வெறும் மின்விசிறிதான்.

6. மாதத் தவணையின் மொத்தத் தொகை எவ்வளவு? 'மாதம் 90 ரிங்கிட்தான், ஒரு நாளைக்கு மூன்றே ரிங்கிட்' என்பார்கள். நான்காம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும் பெருக்கலை நாமும் செய்து பார்ப்போம். 90 ரிங்கிட் வீதம் 60 மாதம் என்றால் 5,400 ரிங்கிட்! இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வீடு தேடி வந்து விற்பவர்களிடம் செய்த ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் இரத்துச் செய்யும் உரிமையை 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் தருகிறது. ஏமாற்றப்பட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம்.

காசில்லாமல் செய்யக் கூடியவை முதலில்

கருவிக்கு முன்னே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றைச் சொன்னால் யாருக்கும் தரகு கிடைக்காது. அதனால்தான் எந்த முகவரும் சொல்வதில்லை.

பிள்ளையின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். தண்ணீரில் அலசுவதால் மட்டும் உண்ணி சாகாது. மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத நெருக்கமான நெசவுள்ள உறை போடுங்கள். பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைக்கு விடை கொடுங்கள். துணிப் பொம்மைகளை நெகிழிப்பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு நாள் முழுதும் வைத்துப் பின்னர்த் துவையுங்கள். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெரும்பாலான நம் வீடுகளில் பளிங்குத் தரைதான். அது நமக்குக் கிடைத்த வரம். அதன்மேல் கம்பளம் விரிப்பானேன்? மின்விசிறியின் இறக்கைகளை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று?

அடுத்தது கொசுவத்திச் சுருள். இதைக் கவனமாகப் படியுங்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்படும் சுருள்களைச் சோதித்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு ஈடானது என்று கண்டறிந்தது. அந்த ஆய்வில் நம் நாட்டு ஆய்வாளர்களும் பங்கு கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கருவியை ஓட விடும் வீடுகள் எத்தனை! டிங்கிக் காய்ச்சல் அச்சம் நியாயமானதே. அதற்குக் கொசுவலையும் சன்னலுக்குக் கம்பிவலையும், தேங்கிய நீரை அகற்றுவதும் வழி.

சாம்பிராணி, ஊதுவத்தி பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? சாம்பிராணித் தூபத்தைச் சன்னல்களைத் திறந்து வைத்துப் போடுங்கள். பிள்ளை உறங்கும் அறைக்குள் கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குள் புகைபிடிக்கும் அப்பாமார்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கருவியை வாங்கித் தருவதைவிடச் சிகரெட்டை விடுவதே பிள்ளைக்கு நீங்கள் தரும் பெரும் பரிசு.

வகுப்பறைக்கு அன்பளிப்பா?

இனி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பறைக்குக் கருவி அன்பளிப்பாக வருகிறதே, வேண்டாம் என்பானேன் என்று கேட்கிறீர்கள். வகுப்பறை 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கொள்வோம். உள்ளே 189 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை வடிகட்ட 945 கன மீட்டர் திறன் வேண்டும். அன்பளிப்புக் கருவியின் திறன் 300 என்றால் இரண்டு முறைகூட ஆகாது. அதுவும் அறை மூடியிருந்தால்! நம் வகுப்பறைகளில் சன்னல்கள் திறந்திருக்கின்றன, விசிறிகள் சுழல்கின்றன. ஒரு பக்கம் கருவி வடிகட்ட, மறுபக்கம் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். கடலை வாளியால் இறைக்கும் கதை.

சன்னல்களை அடைத்துவிடலாமே என்பீர்கள். முப்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அடைத்த அறையில் கரியமில வாயு ஏறும். தலைவலியும் தூக்கமும் வரும். ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும். கரியமில வாயுவைப் பிடிக்காது. புகைமூட்ட நாள்களுக்காக ஓர் அறையை முறையாக அடைத்து, போதிய திறனுள்ள கருவிகளை வைத்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அங்கே அமர்த்துவது பொருளுள்ள திட்டம். அதற்குச் சங்கம் பணம் திரட்டட்டும், நானும் கொடுக்கிறேன். அதைவிட முதன்மையானது, எந்த மாணவனுக்கு ஆஸ்துமா, அவனுடைய இன்ஹேலர் எங்கே இருக்கிறது, மூச்சுத் திணறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பாசிரியரும் அறிந்திருப்பது. இதற்கு ஒரு காசும் தேவையில்லை.

"எங்கள் பிள்ளைக்குக் குணமானதே!"

இப்படிச் சொல்பவர்களும் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் கருவி வாங்கிய அதே வாரத்தில் அறையைக் கழுவினீர்கள், பழைய மெத்தையை மாற்றினீர்கள், கொசுவத்தியை நிறுத்தினீர்கள், மருந்தையும் ஒழுங்காகக் கொடுத்தீர்கள். குணமாக்கியது எது? ஒவ்வாமை ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான வாரத்தில்தான் நாம் கருவி வாங்க ஓடுகிறோம். அடுத்த வாரம் தானாகவே சற்றுக் குறையும். அந்தப் பெருமையைக் கருவி தட்டிக்கொண்டு போகிறது.

"நீர் மருத்துவரா?" என்றும் சிலர் கேட்கக்கூடும். நான் மருத்துவன் அல்லன். அந்த முகவரும் மருத்துவர் அல்லர். நான் கூட்டல் கழித்தல் கற்பிக்கும் ஆசிரியன். இங்கே நான் போட்டிருப்பதும் கணக்குத்தான். இன்ஹேலரை நிறுத்தலாமா என்று கேட்ட அந்தத் தந்தையிடம் நான் சொன்னது ஒன்றே: "மருந்தை நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள். மெசின் ஓடட்டும், மருந்தும் ஓடட்டும்." அவர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் சங்கம் அந்த முகவருக்கு இடம் கொடுப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வைக்கப் போகிறேன். ஒன்று, நோய் தீர்க்கும் என்று சொல்லும் எந்த விற்பனையாளருக்கும் பள்ளி மேடை இல்லை. இரண்டு, அந்த இருபது நிமிடத்தைச் சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கோ தாதியருக்கோ கொடுப்போம். இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுத் தரட்டும். மூன்று, ஆஸ்துமா உள்ள மாணவர்களின் பட்டியலை ஒவ்வொரு வகுப்பிலும் வைப்போம்.

உங்கள் பள்ளிக்கும் இத்தகைய முகவர்கள் வருவார்கள். வருமுன் உங்கள் சங்கத்திலும் பேசி வையுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.